பதிமூன்று ஆந்தைகள்

அன்றைக்கு எங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள்: என் அப்பா, என் அம்மா, கல்யாணப் பெண்ணான என் அத்தை, அவளைக் கட்டிக்கொள்ளப்போகிற மாப்பிள்ளை, மாப்பிள்ளையின் அப்பா, மாதா கோயிலில் சாமியாருக்குத் துணையாக இருக்கிற உபதேசியார், அப்புறம் நான். ஏழு பேர். பக்கத்து வீட்டு அக்கா காபித்தூள் கேட்கிற சாக்கில் எட்டிப் பார்த்தபோது, அப்பா தூளை வாசலிலேயே கொண்டுபோய்க் கொடுத்து அப்படியே அனுப்பிவிட்டார். அவள் உள்ளே வந்தால் எட்டாகிவிடும். எட்டு சனியின் எண்.

நம் வயசுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் போன வாரம் தவளக்குப்பம் முனையில் பழம் வாங்கினேன். கடைக்காரப் பையன் நான் கொடுத்த பத்து ரூபாய்க் காசை வெயிலில் சாய்த்துப் பிடித்து எண்ணினான். "ஆயா, இதுல கோடு பதினஞ்சு இருக்குது. பத்துக் கோடு இருந்தாதான் எடுத்துப்போம்" என்று திருப்பித் தந்துவிட்டான். எனக்குக் கோபமே வரவில்லை. உள்ளுக்குள் ஏதோ துள்ளியது. வாழைப்பழத்தை மறந்து அவனோடு நின்று நானும் எண்ணினேன். பஸ்ஸில் வீட்டுக்கு வருகிற வழி முழுக்க அத்தைக்குக் கல்யாணமான அந்தக் கோடைகாலம்தான் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். ஏழாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோனவள் நான். தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீடு பெரிய வாய்க்காலுக்கு மேற்கே. அப்பா பஞ்சாலையில் தறி ஓட்டினார். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவர், நற்கருணை வாங்குகிறவர். ஆனால் கோயிலைவிட்டு வெளியே வந்து சைக்கிளில் ஏறியதும் எதிரே வருகிற லாரியின் எண்ணைக் கூட்ட ஆரம்பித்துவிடுவார். கூட்டு எண் நாலு வந்தால் ராகு, சைக்கிளை ஓரம் கட்டுவார். எட்டு வந்தால் இறங்கி நின்றுவிடுவார். எனக்குக் கூட்டல் அவரிடமிருந்துதான் வந்தது. கவலையும் அவரிடமிருந்துதான்.

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. பெற்றவர்கள் சீக்கிரம் போய்விட்டதால் அப்பாதான் வளர்த்தார். கன்னியாஸ்திரிகள் மடத்தில் பூத்தையல் போட்டுச் சம்பாதித்தாள். முப்பது தாண்டியிருந்தது. அதற்கு முன் இரண்டு வரன் வந்து, இரண்டையும் அப்பா தள்ளிவிட்டார். ஒன்று மாப்பிள்ளை வீட்டுக் கதவிலக்கத்துக்காக, இன்னொன்று பிறந்த தேதிக்காக. இரண்டு முறையும் அத்தை ஒன்றும் சொல்லவில்லை. பொறுமைசாலி என்று தெருவே மெச்சியது. மூன்றாவதாக வந்தவர் எங்கள் ஊர் உப்பளம் பேட்டைக்காரர், மின்சார வேலை செய்கிறவர். இவரைப் பார்த்த அன்று அத்தை ஊசியில் நூல் கோக்க வராமல் திண்டாடினாள். நான் கோத்துக் கொடுத்தேன். அப்போதே எனக்குக் கவலை பிடித்துக்கொண்டது, இதையும் அப்பா கூட்டிவிடுவாரோ என்று.

மாப்பிள்ளையின் அப்பாவை ஊரே சொல்தா என்றுதான் சொல்லும். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு வந்தவர்களுக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். அந்த வெயிலிலும் காலர் பித்தான் போட்ட வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத கால்சட்டை. கூடத்தில் அவர் உட்கார்ந்ததும் எலுமிச்சை வாசனைத் தைலம் மணத்தது. பையிலிருந்து கருநீலத் துணிமுடிச்சு ஒன்றை எடுத்தார். அம்மா வைத்த வெற்றிலைத் தட்டில் கவிழ்த்தார்.

அந்தச் சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது. நம் காசு விழுந்தால் கிணுங்கும். அது அப்படியில்லை, கோயில் பூசையில் அடிக்கிற சின்ன மணிபோல் நின்று ஒலித்தது. பிரான்சு தேசத்து ஐந்து பிராங்க் வெள்ளிக் காசுகள். ஒவ்வொன்றிலும் ஒரு பெண் வீசி நடந்துகொண்டே விதை தூவினாள். அவள் பின்னால் சூரியன் எழுந்து கதிர் விட்டது. என் கை தானாகவே தட்டுக்குப் போனது. அம்மா என் மணிக்கட்டில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"பதிமூணு இருக்குது. எண்ணிக்குங்க" என்றார் சொல்தா.

அப்பாவின் முகம் அப்படியே நின்றது. "பதிமூணா மாமா?"

"பிரான்சுல அதான் வழக்கம் தம்பி. பீடத்துக்கு முன்னாடி மாப்ள பொண்ணு கையில பதிமூணு காசு போடணும். யேசு ஒண்ணு, அப்போஸ்தலர் பன்னெண்டு. அலோர், ஆகமொத்தம் பதிமூணு."

"நம்ம பக்கம் பதினொண்ணு வெப்போம், இருபத்தொண்ணு வெப்போம்..."

"என் கல்யாணத்துல எனக்கு வெக்க வக்கு இல்ல. அவளும் கேக்காமயே போய்ச் சேந்துட்டா. என் பையனாவது வெக்கட்டும்" என்றார். மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசித்து முடிகிறவரை காசு பெண் வீட்டிலேயே இருக்கட்டும், பெண் கைக்குப் பழகட்டும் என்று சொல்லிவிட்டு எழுந்தார். ஓலை என்றால், இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், விக்கினம் ஏதாவது தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்று சாமியார் மூன்று வாரம் பூசையில் வாசிப்பது. அதைப் பதிந்துகொள்ளத்தான் உபதேசியார் வந்திருந்தார்.

அவர்கள் தெருமுனை திரும்பியதும் அப்பா உபதேசியாரைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தப் பதிமூணு பேருல ஒருத்தன் யூதாஸாச்சே உபதேசியாரே."

உபதேசியார் இருமினார். "அப்படிப் பாக்கக்கூடாது."

"வேற எப்படிப் பாக்கறது? ஒண்ணும் மூணும் நாலு. ராகு வேற."

மறுநாள் அப்பா வேலைக்குப் போகவில்லை. காசுகளை வரிசையாகப் பாயில் அடுக்கி, யூதாஸ் எது என்று தேடினார். நானும் அவர் பக்கத்தில் குப்புறப் படுத்துக்கொண்டேன். எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? அப்பா என்னை ஆளாக மதித்து ஒரு வேலையில் சேர்த்துக்கொண்டது அதுதான் முதல் முறை. பன்னிரண்டு காசில் 1960 என்று இருந்தது. கூட்டினால் பதினாறு, அதைக் கூட்டினால் ஏழு, பழுதில்லை. ஒரே ஒரு காசில் மட்டும் 1961. பதினேழு. எட்டு.

"இதான்" என்று அப்பா அதை விரல் நுனியால் தள்ளிவைத்தார். தொட்ட விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

நான் அதோடு விட்டிருக்கலாம். ஆனால் எனக்குக் கண் ரொம்பக் கூர்மை. வருஷத்துக்குப் பக்கத்தில் எள்ளைவிடக் கொஞ்சம் பெரிதாக ஏதோ ஒன்று உட்கார்ந்திருந்தது. "அப்பா, இங்க ஒரு குருவி இருக்குது" என்றேன். அடுத்த காசிலும் இருந்தது. அதற்கடுத்ததிலும். பதிமூன்றிலும். அப்பா ஓடிப்போய் உபதேசியாரை அழைத்துவந்தார். பொடி எழுத்து வேதாகமம் படிக்க அவரிடம் ஒரு பூதக்கண்ணாடி இருந்தது. அவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"குருவி இல்ல. மூஞ்சி தட்டையா இருக்குது. ஆந்தை."

அம்மா அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்துவிட்டாள். அப்பா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். எனக்கு மட்டும் குதிக்க வேண்டும்போல் இருந்தது. ஒரு தேசத்துக்காரர்கள் தங்கள் காசுக்குள் யாருக்கும் தெரியாமல் ஆந்தையை ஒளித்துவைத்திருக்கிறார்கள், அதை நான் கண்டுபிடித்துவிட்டேன்.

சாயங்காலத்துக்குள் தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லிவிட்டேன். அதன்பிறகு அந்தக் கோடை விடுமுறையே காசு விடுமுறையாகிவிட்டது. அஞ்சு பைசா, பத்துப் பைசா, நாலணா, எது கையில் கிடைத்தாலும் திருப்பிப் பார்த்தோம். உங்களுக்கும் ஞாபகம் இருக்கும், வருஷத்துக்குக் கீழே சிலதில் நட்சத்திரம், சிலதில் சின்ன வைரம், சிலதில் ஒன்றுமே இருக்காது. அது எந்த ஊரில் அடித்த காசு என்பதற்கான அடையாளம் என்று இப்போது சொல்கிறார்கள். எங்களுக்கு அப்போது அப்படியில்லை. நட்சத்திரம் இருந்தால் பாஸ், வைரம் இருந்தால் பணம், ஒன்றும் இல்லாத காசு கண் இல்லாத காசு, அதை உடனே செலவழித்துவிட வேண்டும். பெட்டிக்கடைக்காரர் எங்களைக் கண்டாலே கல்லாவை மூடினார். "கமர்கட்டு வாங்க வர்றீங்களா, காசு ஜோசியம் பாக்க வர்றீங்களா?" என்பார். எல்லாவற்றிலும் உசத்தி மஞ்சள் நிற இருபது பைசாத் தாமரைக் காசு. அதில் தங்கம் கலந்திருக்கிறது என்று ஊரே பதுக்கிக்கொண்டிருந்தது. இதழ் எத்தனை என்று மட்டும் எங்களுக்குள் ஒத்துவரவே இல்லை. ஓரத்து இதழைச் சேர்ப்பதா கூடாதா என்று ஒரு நாள் அடிதடியே நடந்தது. ஒரு பட்டு ரிப்பனும் ஐந்து புளியங்கொட்டையும் கொடுத்து நானும் ஒரு தாமரைக் காசு சம்பாதித்தேன்.

நான் இப்படி ஆடிக்கொண்டிருந்தபோது வீட்டில் வேறு நடந்தது. முதல் ஓலை வாசித்தாகிவிட்டது. அப்பா சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார்.

"தெரிஞ்சேதான் குடுத்திருக்கான். ஆந்தை போட்ட காசை அள்ளி நம்ம பொண்ணு மடியில கொட்டப் பாக்கறான். காசைத் திருப்பிக் குடுத்துடப்போறேன்" என்றார் அம்மாவிடம்.

"காசைக் குடுத்தா கல்யாணமும்தான் போவும். அவரு ரோஷக்காரரு" என்றாள் அம்மா.

"போனா போவுது."

"மூணாவது வாட்டியும் போனா போவுதா?"

அத்தை கூடத்தில் தலையணை உறைக்கு ரோஜா தைத்துக்கொண்டிருந்தாள். பச்சையில் தைக்க வேண்டிய இலைகளையும் சிவப்பிலேயே தைத்துக்கொண்டு போனாள். நான் சொன்னபிறகுதான் பார்த்தாள்.

இரண்டாவது ஓலை வாசித்த அன்று சாயங்காலம், "வா, கடல் பாத்துட்டு வரலாம்" என்று என்னைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டாள். கடற்கரைச் சாலையில் மாப்பிள்ளை வேர்க்கடலைப் பொட்டலத்தோடு நின்றார். கல்யாணத்துக்கு முன் பெண் தானாகப் போய் மாப்பிள்ளையைப் பார்ப்பதெல்லாம் அப்போது நடக்கிற காரியமா? யாராவது பார்த்துவிடுவார்களோ என்று நான் நாலு பக்கமும் திரும்பித் திரும்பி எனக்குக் கழுத்தே வலித்தது. கடலை என் கைக்கு வந்ததும் கொஞ்சம் தைரியம் வந்தது.

"உங்கப்பா குடுத்த காசு எல்லாத்துலயும் ஒரு ஆந்தை இருக்குது" என்றாள் அத்தை, நேராக.

மாப்பிள்ளை சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "இது எங்கப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சுதான் குடுத்தாருன்னு எங்கண்ணன் சொல்றாரு."

"நல்லா சொன்னாரு. ஓட்டு மேல ஆந்தை கத்துனா எங்கப்பா பூட்ஸ எடுத்து வீசற ஆளு. அப்படியே ஒரு ஜோடி பூட்ஸ் பக்கத்து வீட்டுக் கிணத்துல போயிடுச்சு. இது மட்டும் தெரிஞ்சுது, காசையும் தூக்கிடுவாரு, கல்யாணத்தையும் நிறுத்திடுவாரு."

"அப்ப சொல்லாம இருந்துடலாமா?"

"நீ இருந்துடுவ. உங்கண்ணன் இருப்பாரா?"

அத்தை அலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "உங்களுக்கு ஆந்தைன்னா பயமா?" என்றாள்.

"எனக்குக் கரண்ட்டுதான் பயம்."

அத்தை சத்தம் போட்டுச் சிரித்ததை அன்றைக்குத்தான் நான் முதன்முதலில் கேட்டேன். கடலை ஒன்று எனக்குப் புரையேறியது.

மூன்றாவது ஞாயிறு. கோயிலுக்குள் வெக்கை தாங்கவில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் அப்பாவின் சட்டைப்பை புடைத்துக்கொண்டிருந்தது. நீலத் துணியின் நுனி வெளியே தெரிந்தது. சாமியார் ஓலையை வாசித்தார். விக்கினம் ஏதாவது தெரிந்தவர்கள் அறிவிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, வழக்கம்போல் கொஞ்சம் நிறுத்தினார். அப்பா எழுந்துவிட்டார்.

எழுந்தே விட்டார். ஆனால் அதே நொடியில் சாமியார் கையை உயர்த்தினார், விசுவாசப் பிரமாணம் சொல்லக் கோயில் முழுக்க எழுந்து நின்றது. நூறு பேருக்கு நடுவே அப்பாவும் நின்றார், அவ்வளவுதான். உபதேசியார் மட்டும் அவரைப் பார்த்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

பூசை முடிந்து வெளியே வந்ததும் அப்பா வேப்பமரத்தடியில் நின்ற சொல்தாவை நோக்கி நடந்தார். கையில் துணிமுடிச்சு. அத்தை அவரை முந்திக்கொண்டு போனாள். முடிச்சை அவர் கையிலிருந்து வாங்கினாள். பிடுங்கவில்லை, வாங்கினாள். உபதேசியாரின் பூதக்கண்ணாடியை முன்பே கேட்டு வாங்கி முந்தானையில் வைத்திருந்தாள்.

"மாமா, இந்தக் காசுல ஆந்தை இருக்குது. நீங்களே பாருங்க."

சொல்தா கண்ணாடியைப் பிடித்தார். ஒரு காசு, இன்னொரு காசு. "எல்லாத்துலயுமா?" என்றார்.

"எல்லாத்துலயும். இத மறைச்சு வெச்சிக்கினு உங்க வீட்டுக்குள்ள வர எனக்கு இஷ்டம் இல்ல. வேணாம்னா இங்கயே சொல்லிடுங்க. நாளைக்கு நான் மடத்துல தையல் வேலையப் பாக்கப் போயிடுவேன்."

மாப்பிள்ளை தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். சொல்தா கோயில் படியில் உட்கார்ந்துவிட்டார். காலர் பித்தானைக் கழற்றினார்.

"பட்டாளத்துல மாசாமாசம் இந்தக் காசுலதான் எனக்குச் சம்பளம் குடுத்தான்" என்றார் மெதுவாக. "அல்ஜீரியா சண்டையில எனக்கு இந்தப் பக்கம் இருந்தவனும் போயிட்டான், அந்தப் பக்கம் இருந்தவனும் போயிட்டான். என் பையில இதான் கிடந்திச்சு." காசை மறுபடி கண்ணாடிக்குக் கீழே பிடித்தார். "அப்ப இவ்ளோ நாளா இது என் கூடவே இருந்திருக்குது."

காசைச் சட்டையில் துடைத்து, அத்தை நீட்டிய முடிச்சிலேயே திரும்பப் போட்டார்.

"கத்துனாதான் தம்பி கெட்டது" என்று அப்பாவிடம் சொன்னார். "இது கத்தாத ஆந்தை."

அப்பா விடுவாரா? "ஆந்தை சரி மாமா. பதிமூணு?"

அதற்கு அம்மாதான் பதில் சொன்னாள். "அந்த யூதாஸும் பந்தியில உக்காந்து சாப்ட்டுட்டுதான் எழுந்து போனான். நீங்களும் வாங்க, வீட்ல குழம்பு தீயுது."

சொல்தா சிரித்த சிரிப்பில் மரத்திலிருந்த காக்கைகள் பறந்தன. முடிச்சு அப்பாவின் பைக்கே திரும்பியது. நான் வீடு வரை ஓடினேன். நடக்க முடியவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

கல்யாணத்தன்று விடியற்காலையில் அப்பா என்னைத் தொட்டு எழுப்பினார்.

"உன்கிட்ட தாமரைக் காசு இருக்குது இல்ல? குடு, அப்புறம் தந்துடறேன்."

எதற்கு என்று கேட்டேன். சொல்லவில்லை. கொடுத்துவிட்டேன்.

பீடத்துக்கு முன் அத்தை இரண்டு கையையும் குவித்து நீட்டினாள். நான் பூக்கூடையோடு அவள் முழங்கைக்குப் பக்கத்தில் நின்றேன். சாமியார் மந்திரித்த தட்டிலிருந்து மாப்பிள்ளை காசுகளை அள்ளி அவள் கையில் சரித்தார். வெள்ளிக்கு நடுவே ஒரு மஞ்சள் விழுந்தது. என் தாமரை. அத்தை பார்த்துவிட்டாள். அப்பாவைத் தேடினாள். அப்பா மெழுகுவத்திகளை எண்ணிக்கொண்டிருந்தார். அத்தை பூத்தையல் போடுகிற அந்த நீள விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடிக்கொண்டாள். கண்ணில் நீர் நிறைந்தது, உதடு சிரித்தது.

இப்போது யோசித்தால், அப்பா எண்ணுக்குப் பயந்தவர் என்று நாங்கள் எல்லாரும் நினைத்தது தப்பு. சேதராப்பட்டில் வேலை செய்கிற என் மகளின் கல்யாணத்தன்று மண்டபத்து நாற்காலிகளை நான் மூன்று முறை எண்ணினேன். எத்தனை என்று யாராவது கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. அந்த ஆந்தைகூட, காசுக்கு அச்சு வெட்டிய தலைமை ஆள் போடுகிற அடையாளமாம். மருமகன் செல்போனில் பார்த்துச் சொன்னார். ஒருவன் போட்ட கையெழுத்துக்குத்தான் அவ்வளவு பாடு.

அத்தையின் கல்யாணத்தில் பிரியாணிப் பந்தி முடிந்ததும் சொல்தா அப்பாவைத் தனியே அழைத்தார். நான் பின்னாலேயே போய்விட்டேன்.

"சம்பந்தி, பன்னெண்டு ஆந்தை, ஒரு தாமரை. மிச்சம் ஒண்ணு எங்க?"

அப்பா பொய் சொல்லத் தெரியாதவர். "கடல்ல மாமா. கப்பல் நிக்கிற பாலத்து மேல நின்னு போட்டுட்டேன். அறுபத்தொண்ணாம் வருஷத்துது. கூட்டுனா எட்டு வருது."

சொல்தா மறுபடி காலர் பித்தானைக் கழற்றினார். "அது நான் உசுரோட திரும்பி வந்த வருஷம்யா" என்றார். "அந்த வருஷத்துக் காசு ஒண்ணாவது இருக்கணும்னு தேடி எடுத்துச் சேத்தேன்."

அப்பா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். சொல்தாவும் வெள்ளைக் கால்சட்டையோடு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். அப்பாவின் முதுகில் கை வைத்தார்.

"அழாத சம்பந்தி. கடனா வெச்சிக்குவோம். தாமரையைக் கழிச்சிக்கிறேன், மீதியக் குடு."

"பிராங்காவே குடுத்துடறேன் மாமா. அதே வருஷத்துது."

அதன்பிறகு கடற்கரைச் சாலையில் எந்த வெள்ளைக்காரரைப் பார்த்தாலும் அப்பா அருகில் போய் விரலால் காற்றில் 1961 என்று எழுதிக் காட்டுவார். அவர்கள் பயந்து விலகிப்போவார்கள். சொல்தா வீட்டுக்கு வந்தால் வாசலிலேயே கேட்பார், "சம்பந்தி, பாக்கி?" "தேடிக்கினு இருக்கேன் மாமா" என்பார் அப்பா. இருவருக்கும் அதில் அப்படியொரு மகிழ்ச்சி. சொல்தா போனார். அப்பா போனார். பிராங்கும் போய் வேறு காசு வந்துவிட்டதாம் அந்த தேசத்தில்.

அத்தை இருக்கிறாள். மாப்பிள்ளையாக வந்த மாமாவும் இருக்கிறார், இன்னும் சுவிட்சைத் தொடக் கட்டைச் செருப்புப் போட்டுக்கொண்டு. நேற்று உப்பளத்துக்குப் போய்ப் பத்து ரூபாய்க் காசுக் கதையைச் சொன்னேன். அத்தை கேட்டு முடித்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"அதெல்லாம் இருக்கட்டும். உங்கப்பன் பாக்கி இன்னாச்சு?"

ஐந்து பிராங்க். அதில் இருபது பைசா போக மீதி.